மூளையின் அறைகளைத் தேடிய ஹகீம் இப்னு சீனா

கோவை கோட்டைமேட்டுப் பக்கம் மஃரிபு தொழுகை முடியும் வேளையில் பள்ளிவாசல் வாயிலைக் கடந்து சென்றவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மார்களும், தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் பிடித்த முதியவர்களும் காத்து நிற்பார்கள். நம் வீட்டுப் பெண்களோடு இந்துச் சகோதரிகளும் நிற்பார்கள். தொழுதுவிட்டு வெளியே வருவோர் ஒரு ஆயத்தை ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். பயந்து அழும் பிள்ளைக்கும் காய்ச்சல் கண்ட பிள்ளைக்கும் அதில் ஒரு ஆறுதல் உண்டு. இதைக் குறை சொல்ல இங்கே வரவில்லை.

ஆனால் அந்த வரிசையில் சில நாட்களில் இருபது வயது வாலிபன் ஒருவனையும் கைத்தாங்கலாய் அழைத்து வருவார்கள். பல இரவுகளாய் அவனுக்கு உறக்கமில்லை. தனக்குத் தானே பேசிக்கொள்கிறான். யாரோ தன்னைக் கொல்ல வருவதாக அஞ்சுகிறான். ஜின் தீண்டிவிட்டது என்று பெற்றோர் முடிவு செய்திருப்பார்கள். ஓதிய தண்ணீர், தாயத்து, பிறகு ஏதேனும் ஒரு தர்காவில் நாற்பது நாள் என்று காலம் ஓடும். மருத்துவரிடம் மட்டும் போகமாட்டார்கள். போனால் பிள்ளைக்குப் பைத்தியம் என்று ஊரில் பெயராகிவிடும், நாளைக்கு யார் பெண் கொடுப்பார் என்ற அச்சம்.

மனம் கலங்கும்போது கலங்குவது எது? ஆன்மாவா, இதயமா, தலைக்குள் இருக்கும் மூளையா? இற்றைக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் கேள்வியோடு வாழ்நாளைக் கழித்த ஒருவர் உண்டு. அவர் குர்ஆனை மனனம் செய்தவர். ஜின்கள் உண்டென்று நம்பும் சமுதாயத்தில் பிறந்தவர். மேனாட்டார் அவரை அவிசென்னா என்று அழைத்தனர். நமக்கு அவர் ஹகீம் இப்னு சீனா.

அபூ அலீ அல்ஹுஸைன் இப்னு அப்துல்லாஹ் இப்னு சீனா ஹிஜ்ரி 370ல், அதாவது கி.பி. 980ல், புகாரா நகருக்கு அருகே அஃப்ஷனா என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அது உஸ்பெக்கிஸ்தான் நாட்டில் இருக்கிறது. தந்தை பல்கு நகரத்தவர். ஸாமானிய மன்னர்களிடம் அதிகாரியாய் இருந்தவர். தாயாரின் பெயர் சித்தாரா. குடும்பம் புகாராவுக்குக் குடிபெயர்ந்தது. பத்து வயது நிறைவதற்குள் சிறுவர் குர்ஆனை முழுமையாக மனனம் செய்துவிட்டார். இஸ்மாயீல் அஸ்ஸாஹித் என்பவரிடம் ஃபிக்ஹு கற்றார். கணிதத்திற்கு அவருக்கு வாய்த்த உஸ்தாதைப் பற்றி அவரே எழுதி வைத்திருக்கிறார். அவர் காய்கறி விற்பவர்! இந்தியக் கணக்குமுறை தெரிந்த அந்த வியாபாரியிடம் தந்தையார் மகனை அனுப்பி வைத்தார். நம் நாட்டு எண்கள் புகாராவின் கடைத்தெருவில் ஒரு காய்கறிக் கடையில் அமர்ந்து அவருக்குப் பாடம் சொல்லியிருக்கின்றன.

மருத்துவம் கடினமான கல்வியல்ல என்று அவர் எழுதியிருப்பதைப் படித்தால் இன்றைய மருத்துவ மாணவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடும். பதினாறு வயதிலேயே மற்ற மருத்துவர்கள் அவரிடம் வந்து பாடம் கேட்டனர். ஆனால் எல்லாமே அவருக்கு எளிதில் வந்துவிடவில்லை. அரஸ்தூவின் மெய்ப்பொருள் நூலை நாற்பது முறை படித்து, சொற்கள் மனப்பாடமாகியும் பொருள் விளங்காமல் கைவிட்டார். ஒருநாள் அஸர் நேரத்தில் புத்தகக் கடைவீதியில் ஒரு தரகர் ஒரு நூலை அவர் கையில் வலியத் திணித்தார். விற்பவருக்குப் பணமுடை, விலை மூன்று திர்ஹம்தான் என்றார். அது அல்ஃபாராபி எழுதிய விளக்கம். வீட்டுக்குப் போய்ப் படித்ததும் அடைத்திருந்த கதவு திறந்தது. மறுநாள் ஏழைகளுக்கு ஸதக்கா கொடுத்து அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினார். ஒரு பிரச்சினை அவிழாதபோது பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது துஆக் கேட்பதும் அவர் வழக்கம்.

அவரிடம் குறைகள் இருந்ததில்லை என்று நாம் மறைக்க வேண்டியதில்லை. இரவில் படிக்கும்போது களைப்பு வந்தால் மது அருந்தியதை அவர் தம் வாழ்க்கைக் குறிப்பிலேயே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மார்க்கம் அதை ஏற்காது. அவருடைய அறிவைப் போற்றுவோர் அவரது எல்லாச் செயலையும் பின்பற்ற வேண்டியதில்லை.

புகாராவின் மன்னர் நூஹ் இப்னு மன்ஸூர் நோயுற்றபோது அரண்மனை மருத்துவர்கள் இந்த வாலிபரை அழைக்கச் சொன்னார்கள். சிகிச்சையில் பங்கு கொண்ட அவருக்கு மன்னரின் நூலகத்தில் நுழைய அனுமதி கிடைத்தது. அறை அறையாய்ப் புத்தகப் பேழைகள், ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு கலைக்கு. கிரேக்க மருத்துவர் புக்ராத்தும் ஜாலீனூஸும் எழுதியவை அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பக்தாதில் அரபி மொழிக்கு வந்திருந்தன. அந்தப் பெரும் பணியில் தலைசிறந்தவர் ஹிஜ்ரி 260ல் (கி.பி. 873) மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர். முன்னோர் விட்டுச்சென்ற வாதங்கள் யாவும் இப்னு சீனாவுக்குக் கிடைத்தன.

அவற்றில் ஒரு பழைய வழக்கு இருந்தது. உணர்வுக்கும் அறிவுக்கும் இருப்பிடம் எது? இதயமே என்றார் அரஸ்தூ. மூளைதான் என்றார் ஜாலீனூஸ். மிருகங்களின் நரம்புகளை அறுத்தும் கட்டியும் பார்த்து அவர் அந்த முடிவுக்கு வந்திருந்தார். இந்த வழக்கு மருத்துவர்களோடு நின்றுவிடவில்லை. அறிவுள்ளவன் மீதே தொழுகையும் நோன்பும் கடமையாகும்; புத்தி பேதலித்தவனிடம் கேள்வி கணக்கில்லை. ஆகவே அறிவு எங்கே இருக்கிறதென்று நம் ஃபுகஹாக்களும் பேசினார்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் கல்பு என்றும், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மூளை என்றும் கருதியதாகக் கித்தாபுகளில் காணலாம். கொங்கு நாட்டு ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். தங்கள் இமாம் மூளையைச் சுட்டிய செய்தி அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தந்தை மறைந்தார். ஸாமானியர் ஆட்சி சரிந்தது. இப்னு சீனாவின் வாழ்க்கை ஊர் ஊராய் அலையும் வாழ்க்கையாயிற்று. புகாராவிலிருந்து குர்கான்ஜ், அங்கிருந்து நஸா, தூஸ் என்று பாலைவழி நடந்து ஜுர்ஜான் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆண்ட காபூஸ் அறிஞர்களை ஆதரிப்பவர் என்று நம்பிப் போனார். இவர் போய்ச் சேருமுன் காபூஸ் சிறைப்பட்டு மாண்டுவிட்டார். ஆயினும் அந்த ஊர் அவருக்கு ஒரு செல்வத்தைத் தந்தது. அபூ உபைத் அல்ஜூஸ்ஜானி என்ற மாணவர் அங்கே வந்து சேர்ந்தார். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆசிரியரை விட்டுப் பிரியாமலிருந்து, அவருடைய வரலாற்றையும் எழுதி வைத்தவர் அவர்தான். அல்கானூன் ஃபித் திப் என்ற மருத்துவப் பெருநூல் ஜுர்ஜானில்தான் தொடங்கியது.

அடுத்து ரய் நகரம். இன்றைய தெஹ்ரானை ஒட்டியது. அங்கே மஜ்துத்தவ்லா என்ற இளம் அரசர் பெயருக்கு ஆண்டுகொண்டிருந்தார். உண்மையில் ஆட்சி அவர் தாயார் கையில். அந்த அரசரைப் பீடித்திருந்த நோய் மாலிகோலியா. காரணமற்ற துயரம், அச்சம், தனிமை, தவறான எண்ணங்கள் என்று மனத்தைச் சூழும் நோய்க்கு அக்காலத்தில் வழங்கிய பெயர் அது. இப்னு சீனா அவருக்கு மருத்துவம் செய்தார். ஆக, மனநோயை அவர் ஏட்டில் மட்டும் அறிந்தவரல்லர். நாள்தோறும் நோயாளியின் நாடியைப் பிடித்து அறிந்தவர்.

கானூன் ஐந்து பாகங்கள் கொண்டது. மூன்றாம் பாகம் தலையிலிருந்து கால்வரை ஒவ்வோர் உறுப்பின் நோயையும் சொல்கிறது. தொடக்கமே மூளையின் நோய்கள். காக்காய் வலிப்பும் மறதியும் மாலிகோலியாவும் அங்கேதான் இடம் பெறுகின்றன. தலைவலியோடும் பக்கவாதத்தோடும் சேர்த்து, அவற்றுள் ஒன்றாய் அவர் மனநோயை வைத்திருக்கிறார். மாலிகோலியாவைப் பேசும்போது அவர் சொல்லும் ஒரு செய்தியை நம் வீடுகளில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இந்நோய் ஜின்னால் வருகிறது என்று சில மருத்துவர்கள் கருதினர். இப்னு சீனா அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. ஜின் இல்லை என்றும் சொல்லவில்லை. ஜின்னால் வந்தாலும் வரட்டும். அது உடலின் கலவையை மாற்றி, கரும்பித்தத்தை மிகுவித்துத்தானே நோயைத் தருகிறது. ஆகவே நோயின் நெருங்கிய காரணம் கரும்பித்தம். மருத்துவம் கற்பிக்கும் நமக்கு அதுதான் வேலை. அதற்கு அப்பாலுள்ள காரணம் ஜின்னோ வேறொன்றோ, அது நம் ஆராய்ச்சிக்கு உட்பட்டதல்ல என்று அவர் வரையறுத்துவிட்டார்.

எவ்வளவு நயமான தீர்ப்பு! ஈமானுக்கும் இதில் ஊறில்லை. நோயாளிக்கும் மருந்து கிடைத்துவிடுகிறது. கரும்பித்தக் கொள்கை இன்று செல்லாது என்பது வேறு விஷயம். உடலில் நான்கு ரசங்கள் என்ற கிரேக்கக் கணக்கை மருத்துவ உலகம் பிற்காலத்தில் விட்டொழித்தது. மூளையின் உயிரணுக்களும் அவற்றிடையே செய்தி கடத்தும் ரசாயனங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. ஆனால் அவர் போட்ட பாதை மாறவில்லை. தொலைவிலுள்ள காரணத்தைத் தேடி அலையுமுன் கையெட்டும் காரணத்திற்கு மருந்து கொடு என்பதே அந்தப் பாதை.

அந்தப் பாதையை நாம் மறந்ததற்குக் கொடுத்த விலையும் உண்டு. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஓர் இல்லத்தில் அதிகாலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியின்றி 25க்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். அவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தனர். அவர்களை அங்கே கொண்டு விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். பெற்றவர்களும் உடன் பிறந்தவர்களும்தான். உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்வழக்கைக் கையில் எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாதென்று தடுத்துவிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கானூனிலோ மாலிகோலியாவுக்குச் சொன்ன சிகிச்சை உறக்கம், இளஞ்சூட்டு நீராட்டு, எளிதில் செரிக்கும் உணவு, நறுமணம், மனத்தை மகிழ்ச்சியில் ஈடுபடுத்துதல் என்று போகிறது.

இனி மூளையைப் பற்றி அவர் வகுத்ததைப் பார்ப்போம். ஐம்புலன்கள் வெளியே இருப்பதுபோல் உள்ளேயும் ஐந்து புலன்கள் உண்டு என்றார். மூளையின் முன்னறையில் முதலாவது பொதுப்புலன். கண்ணும் காதும் நாவும் கொண்டு வரும் செய்திகளை இது ஒன்றாய்ச் சேர்க்கிறது. மழைத்துளி விழும்போது ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்கிறது. நமக்கோ அது நீண்ட கோடாய்த் தெரிகிறது. அந்தக் கோட்டைக் கண் பார்க்கவில்லை, உள்ளே இருக்கும் பொதுப்புலன்தான் வரைகிறது என்று விளக்கினார். அதே அறையின் பிற்பகுதியில் உருவங்களைச் சேமித்து வைக்கும் கயால். நடு அறையில் சேர்த்தும் பிரித்தும் சிந்திக்கும் ஆற்றல். அதை ஒட்டி வஹ்மு என்று ஒன்று. ஓநாயை முதன் முறையாகப் பார்க்கும் ஆடும் ஓடுகிறதே! ஓநாயின் நிறத்தையும் உருவத்தையும் கண் காட்டிவிடும்; அதன் பகையை எந்தக் கண் காட்டியது? அதை உணர்வது வஹ்மு. பின்னறையில் நினைவாற்றல், அதாவது ஹாஃபிழா. குர்ஆனை மனனம் செய்தவரை நாம் ஹாஃபிழ் என்கிறோமே, அதே வேர்ச்சொல்தான்.

இது வெறும் கற்பனையா? அறைகளைப் பற்றிய எண்ணம் அவருக்கு முன்னிருந்தே வந்தது; அவர் அதை ஒழுங்குபடுத்தினார். சான்றாக அவர் காட்டியது நோயைத்தான். எந்தப் பகுதி அடிபடுகிறதோ அந்தப் பகுதியின் ஆற்றல் மட்டும் கெடுகிறது, மற்றவை பிழைத்திருக்கின்றன என்றார். ஜாலீனூஸ் கண்ட இரு நோயாளிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருவர் வந்தவர்களை அடையாளம் கண்டு முறையாகப் பேசினார். ஆனால் வீட்டு மூலையில் குழல் வாசிப்போர் உட்கார்ந்திருப்பதாகவும் அவர்களை விரட்ட வேண்டுமென்றும் கூவினார். மற்றொருவர் கண்ணாடிப் பாத்திரங்களின் பெயரை ஒவ்வொன்றாய்ச் சரியாகச் சொல்லிச் சொல்லியே ஜன்னல் வழியாக வீசி உடைத்தார். முதல்வருக்குக் கெட்டது தோற்றம் காட்டும் ஆற்றல். இரண்டாமவருக்குக் கெட்டது நன்மை தீமை தெரியும் ஆற்றல். நம் வாலிபனும் அப்படித்தான். அவன் காதில் விழும் குரல் அவனுக்கு உண்மையாகவே கேட்கிறது. பொய் சொல்கிறான், நடிக்கிறான் என்று அவனை அடிப்பதில் பயனென்ன?

இன்றைய அறிவின்படி மூளையின் அந்த அறைகளுக்குள் இருப்பது ஒருவகைத் திரவமே. சிந்திப்பது அவற்றைச் சூழ்ந்த தசை போன்ற பொருளே. 1543ல் வெஸாலியஸ் பழைய உடற்கூற்றைத் திருத்தினார். 1861ல் பாரிஸில் புரோகா என்ற மருத்துவர், பேச்சிழந்து இறந்த ஒருவரின் மூளையைத் திறந்து, இடப்பக்க முன்பகுதியில் பழுதைக் கண்டார். பழுதுபட்ட இடத்தைக் கொண்டு ஆற்றலின் இருப்பிடத்தை அறியும் முறை அங்கே உறுதிப்பட்டது. இடங்கள் மாறின; முறை பழையதுதான்.

மூளை பழுதானால் அறிவு பழுதாகும் என்றவர், மூளைதான் ஆன்மா என்று முடித்துவிட்டாரா என்றால், இல்லை. ஷிஃபா என்னும் நூலில் ஒரு கற்பனைச் சோதனை வைத்தார். ஒரு மனிதன் முழு உருவோடு ஒரே கணத்தில் படைக்கப்பட்டு வெற்று வெளியில் மிதக்கிறான், கண் மறைக்கப்பட்டிருக்கிறது, கைகால்கள் ஒன்றையொன்று தொடவில்லை, காற்றும் அவனைத் தீண்டவில்லை. தன் உடலைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆயினும் தான் இருப்பதை அவன் அறிவான். எனவே அந்தத் தான் என்பது உடலன்று; உடலும் மூளையும் அதன் கருவிகள் என்றார். மனம் என்பது மூளையின் வேலையே, வேறொன்றுமில்லை என்று சொல்லும் இன்றைய விஞ்ஞானிகள் பலர் இதை ஏற்பதில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

ரய்யிலிருந்து ஹமதான் சென்ற அவர், ஆட்சியாளர் ஷம்ஸுத்தவ்லாவின் வயிற்றுவலியைத் தீர்த்து வஸீராகவும் ஆனார். அதுவே வினையாயிற்று. படையினர் கலகம் செய்து வீட்டைச் சூறையாடினர். நாற்பது நாள் ஒரு நண்பர் வீட்டில் ஒளிந்திருந்தார். அரசருக்கு மீண்டும் வயிற்றுவலி வந்ததும் மன்னிப்புக் கேட்டு அழைத்தார்கள்! பகலில் அரசாங்க வேலை, இரவில் மாணவர்களுக்கு ஷிஃபாவும் கானூனும். 1021ல் ஷம்ஸுத்தவ்லா மறைந்தபின் ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதம் சிறை, அங்கும் எழுதினார். பிறகு ஸூஃபி உடையில் மாறுவேடமிட்டு, தம்பியும் ஜூஸ்ஜானியும் உடன்வர இஸ்பஹானுக்குத் தப்பினார்.

இவர் வஸீராக இருந்த காலத்து நிகழ்ச்சி என்று ஒரு கதை வழங்குகிறது. அரச குடும்பத்து வாலிபன் ஒருவன் தன்னைப் பசு என்று எண்ணிக்கொண்டான். என்னை அறுத்துச் சமையுங்கள் என்று கத்தினான்; உணவைத் தொடவில்லை. இப்னு சீனா கசாப்புக்காரரைப் போல் கத்தியோடு வந்து, அவனைக் கட்டிக் கிடத்தச் சொல்லி, விலாவைத் தடவிப் பார்த்து, இந்தப் பசு மெலிந்திருக்கிறது, கொழுக்க வைத்து அறுப்போம் என்று எழுந்துவிட்டார். அன்று முதல் அவன் உண்டான், உணவோடு மருந்தும் உள்ளே போனது, குணமடைந்தான். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப்பின் நிஜாமி அரூஜி என்ற பாரசீகர் எழுதியது இது. ஜூஸ்ஜானி இதைச் சொல்லவில்லையாதலால் அப்படியே வரலாறென்று கொள்ளத் தயக்கமாயிருக்கிறது. ஆனால் காதல் நோயாளியின் நாடியைப் பிடித்தபடி பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி, எந்தப் பெயரில் நாடி துள்ளுகிறதென்று பார்ப்பது கானூனிலேயே இருக்கிறது. தாமே செய்து பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார்.

அவருடைய தத்துவக் கருத்துகளை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கடுமையாக மறுத்தார்கள். உலகம் அநாதி என்பது, அல்லாஹ் தனித்தனி நிகழ்ச்சிகளை அறியும் விதம், மறுமையில் உடல் எழுப்பப்படுவது ஆகிய மூன்றிலும் அவர் போன்றோர் எல்லை மீறிவிட்டனர் என்பது இமாமவர்களின் தீர்ப்பு. மருத்துவத்தை அந்த மறுப்பு தொடவில்லை. கானூன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலைதோ நகரில் லத்தீனுக்கு மாறியது. 1593ல் ரோமாபுரியில் அரபியிலேயே அச்சாயிற்று. ஐரோப்பியக் கல்லூரிகள் பதினேழாம் நூற்றாண்டு வரை அதைப் பாடமாக வைத்திருந்தன. நம் நாட்டு யூனானி ஹகீம்களுக்கு அது இன்றும் மூலநூல். சென்னை அரும்பாக்கத்தில் 1979ல் தொடங்கிய அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும் அந்த மரபில் வந்ததே.

இஸ்பஹானில் அலாவுத்தவ்லாவின் ஆதரவில் ஓரளவு அமைதியாய் இருந்தவருக்கு, பிறருக்குத் தீர்த்துவைத்த அதே வயிற்றுவலி வந்தது. விரைவில் குணமாக வேண்டி ஒரே நாளில் பலமுறை கடும் சிகிச்சை செய்துகொண்டார். மருந்து கலந்த கைகளிலும் பிழை நேர்ந்தது. பணியாள் ஒருவன் அபினை அளவு மீறிச் சேர்த்தான் என்று ஜூஸ்ஜானி எழுதுகிறார். ஹமதான் செல்லும் வழியில் நோய் மீண்டும் தாக்கியது. உடலை ஆளும் சக்தி ஆளும் திறனை இழந்துவிட்டது, இனி மருந்தால் பயனில்லை என்று தாமே கண்டு சிகிச்சையை நிறுத்திவிட்டார். கடைசி நாட்களில் தௌபாச் செய்து, கையிலிருந்ததை ஏழைகளுக்கு வழங்கி, அடிமைகளை விடுதலை செய்து, மூன்று நாளைக்கொரு முறை குர்ஆனை ஓதி முடித்து வந்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறித்திருக்கிறார். ஹிஜ்ரி 428 ரமளான் மாதம், கி.பி. 1037ல், ஐம்பத்தெட்டாம் வயதில் வபாத்தானார். சிறுபிராயத்தில் மனனம் செய்த வேதம் கடைசிவரை அவர் நினைவில் தங்கியிருந்தது. ஹமதானில் அவரை அடக்கம் செய்தனர். கப்ரு இன்றும் அங்கே இருக்கிறது.